குரங்குப் பக்கம் போகாதே

பெண் பார்க்க வருகிறவர் வீட்டுக்கு வர வேண்டாம், காட்டுக்கு வரட்டும் என்று நான் சொன்னதும் அப்பா வாயிலிருந்த சுருட்டைக் கையில் எடுத்தார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டியது எங்கள் வீடு. வண்டி போகும்போது யாரும் எதுவும் பேச முடியாது. அன்றைக்கும் ஒரு வண்டி போய் முடியும் வரை அப்பா காத்திருந்தார்.

“காட்டுக்கா? ஏன், அவரு என்ன கரடியா?” என்றார் அப்பா.

“நாற்காலியில உக்காந்து பலகாரம் திங்கிற ஆளப் பாத்து நான் என்னப்பா தெரிஞ்சுக்கப் போறேன்? வெயில்ல ஒரு நாள் நடக்க விட்டா எல்லாம் தன்னால வெளிய வந்துரும்.”

தபசு காலத்தில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்று சொல்லியே ஒன்றரை மாதம் ஓட்டியிருந்தேன். ஈஸ்டரும் கழிந்துவிட்டது, இனிச் சாக்கு இல்லை. அது அறுபத்தொன்றாம் வருஷம். எனக்கு இருபத்தெட்டு வயது. முன்பு வந்த இரண்டு பேரைத் தட்டிக் கழித்திருந்தேன். இவரையும் கழித்தால் பிறகு ஒருவனும் நம் வாசலை மிதிக்க மாட்டான் என்று அம்மா ஜெபம் சொல்லி முடிக்கும்போதெல்லாம் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கல்யாணத்தின் மேல் கோபமெல்லாம் கிடையாது. பயம்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன். வாரம் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சை ஊராருக்கு இணைத்துக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காதுக்கு ஓய்வு வேண்டியிருக்கும். கோடையில் இலை உதிர்ந்து, தரை காய்ந்து, அட்டையும் சேறும் இல்லாமல் வடக்கே மாவ்பி பக்கத்துக் காடு நடப்பதற்கென்றே திறந்து கிடக்கும். காலை வண்டியில் போய் நாள் முழுக்க நடந்துவிட்டு மாலை வண்டியில் திரும்பினால் அடுத்த வாரம் முழுவதும் நான் யார் மேலும் எரிந்து விழ மாட்டேன். இதை என் வீட்டார் நன்றாக அறிவார்கள்.

ஆரம்பத்தில் நாங்கள் நான்கு பெண்கள் போனோம். ஒவ்வொருத்தியாகக் கல்யாணம் ஆகி நின்றுபோனார்கள். என் சிநேகிதி செசிலியாவின் புருஷன், பெண் பார்க்க வந்தபோது “நடக்கிறது உடம்புக்கு ரொம்ப நல்லதாச்சே” என்று சொன்னவன். மாலை மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, “பொம்பளைக்குக் காட்டுல என்ன சோலி?” என்று கேட்டுவிட்டான். அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து ஆண்கள் தரும் வாக்குறுதியில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இந்த ஞாயிறுகளை என்னிடமிருந்து பிடுங்காத ஒருவன் வேண்டும். அதைப் பேச்சில் கண்டுபிடிக்க முடியாது, நடையில்தான் முடியும் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் பெயர் ஆரோக்கியநாதன். நாகப்பட்டினத்துக்காரர், பர்மாவுக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. லான்மடாவில் அப்துல் பாரி பாயின் மருந்துக் கடையில் கம்பவுண்டர். தாய் தகப்பன் ஊரில் இருந்ததால், மாப்பிள்ளை வீட்டார் என்று சொல்லப் பாரி பாய் ஒருவர்தான். காட்டுக்கு வரச் சொன்ன சேதி கேட்டு அவர் கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று அம்மா நடுங்கினாள். அவரோ, “பேஷ், சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு” என்று பதில் அனுப்பினார்.

எங்கள் பக்கத் துணை என் சின்னம்மா மக்தலேனா. என் ஞாயிற்றுக்கிழமைகளுக்கெல்லாம் அவள்தான் காவல். குடையும் வெற்றிலைப் பெட்டியுமாகப் பின்னால் வருவாள். வழி நெடுகப் புலம்புவாள். ஒரு வாரம் வர வேண்டாம் என்று சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

புரோம் வண்டியில் நாலு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஆரோக்கியநாதன் ஒல்லியாக, உயரமாக, யாரிடமோ இரவல் வாங்கிய பூட்ஸோடு இருந்தார். அவருடைய பையில் நாலு கண்ணாடிப் புட்டிகள். தண்ணீர் என்றார். கடையிலிருந்து கழுவி எடுத்து வந்தவை போல. ஒன்றில் ‘குலுக்கிக் குடிக்கவும்’ என்ற சீட்டும், மற்றொன்றில் ‘மேல்பூச்சுக்கு மட்டும்’ என்ற சீட்டும் ஒட்டியிருந்தன.

“இதயா தம்பி குடிக்கணும்?” என்றாள் சின்னம்மா.

“நல்லா வெந்நீர்ல கழுவியிருக்கேம்மா. சீட்டுதான் உரியல.”

“நான் என் கூஜாவிலேயே குடிச்சுக்குறேன் சாமி.”

பாரி பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததில் பெட்டியில் இருந்த பர்மியப் பெண்மணி ஒருத்தியும் காரணம் தெரியாமலே சிரித்தாள். ஆரோக்கியநாதன் மட்டும் புட்டிகளை ஒன்றோடொன்று இடிக்காமல் துணி சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். முதல் பார்வைக்கு மோசமில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் செசிலியாவின் புருஷனும் முதல் பார்வைக்கு மோசமில்லை.

மாவ்பியில் இறங்கி, மீன் குழம்பு ஊற்றிய மொகிங்கா சேமியா சாப்பிட்டோம். வயல்களைத் தாண்டி, கடைசி கிராமத்தையும் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தபோது வெயில் ஏறியிருந்தது. தேக்கு மரங்களில் ஓர் இலை இல்லை. எல்லாம் தரையில் கிடந்தன, மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். கிராமத்துக்கு அப்பால் எங்கோ ஊற்று நீர்க் குளம் ஒன்று இருக்கிறது, கோடையிலும் வற்றாது என்று எக்ஸ்சேஞ்சில் ஒரு பர்மியத் தோழி சொல்லியிருந்தாள். அதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. காட்டில் அந்தப் பக்கம் அதுவரை நான் போனதில்லை.

வழக்கம்போல நான் முன்னால் நடந்தேன். சின்னம்மா குடைக் கம்பியால் என் முதுகில் குத்தினாள்.

“பின்னால வாடி. இன்னிக்கு ஒரு நாளாவது ஆம்பளைய முன்னால போக விடு.”

“அவருக்கு வழி தெரியாதே சின்னம்மா.”

“உனக்கு மட்டும் தெரியுமா? வாயிருந்தா வங்காளம் போகலாம். தம்பி கேட்டுக்குவாரு. நீ வாய மூடிட்டு வா.”

எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. கல்யாணத்துக்கு முன்பே என்னைப் பின்னால் தள்ளுகிறார்கள் என்று பட்டது. ஆனாலும் பெண் பார்க்கும் நாள். பல்லைக் கடித்துக்கொண்டு பின்தங்கினேன்.

பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. ஒரு பக்கம் பெரிய அத்திமரம், அதன் கிளையெல்லாம் குரங்குகள். மறுபக்கத்துப் பாதை ஒரு செம்மண் மலையை நோக்கி ஏறியது. சரியாக அங்கேதான் சின்னம்மா காலில் முள் ஏற்றிக்கொண்டாள். நான் உட்கார்ந்து அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு முள் எடுத்தேன். பாரி பாய் என் தலைக்கு மேல் நின்று எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் தோளில் மூங்கில் கட்டோடு ஒரு வயசாளி வந்தார். ஆரோக்கியநாதன் ஓடிப்போய் அவரிடம் பேசிவிட்டுத் திரும்பினார். முகத்தில் பெருமை.

“குளத்துக்கு வழி கேட்டுட்டேன். குரங்குப் பக்கம் போகாத, மலைப் பக்கம் போன்னு சொல்றாரு.”

மேலே பார்த்தேன். குரங்குகளும் இருந்தன, மலையும் இருந்தது. ஒரு பெரிய ஆண் குரங்கு எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. புத்தியுள்ள யாரும் அந்தப் பக்கம் போகாதே என்றுதான் சொல்வார்கள்.

மலை ஏறினோம். ஏறினோம் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன், அது அவ்வளவு சுலபமாக இல்லை. நிழல் என்று ஒன்று கிடையாது. சரளைக் கல் காலுக்கடியில் உருண்டது. பாரி பாய் பத்தடிக்கு ஒரு தரம் நின்று இயற்கையை ரசிப்பதாகச் சொன்னார். ஆரோக்கியநாதனின் இரவல் பூட்ஸ் அவர் குதிகாலைக் கடித்திருக்க வேண்டும், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். ஆனால் வாய் திறக்கவில்லை. சின்னம்மாவின் கூஜா காலியாயிற்று. அதன் பிறகு ‘மேல்பூச்சுக்கு மட்டும்’ என்ற புட்டியை அவளே கை நீட்டி வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே குளம் இல்லை. குளம் என்ன, ஒரு குட்டையின் தடம்கூட இல்லை. மொட்டைப் பாறை, இரண்டு மூங்கில் புதர், சுடுகாற்று.

சின்னம்மா பாறை மேல் உட்கார்ந்து, “மாதாவே, ஒரு வரன் பாக்க வந்து பரலோகம் போகப் போறேன்” என்றாள்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. மலை உச்சியில் ஊற்றுக் குளம் எப்படி இருக்கும் என்று ஏறும்போதே யோசித்திருக்க வேண்டாமா? பின்னால் வா என்றால் மூளையையும் பின்னால் வைத்துவிட்டு வந்தேனா? என் மேலேயே இருந்த கோபத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

“அந்தப் பெரியவரு, அந்த ஊலே, உங்ககிட்ட என்ன சொன்னாரு? தமிழ்ல வேணாம். அவரு சொன்ன சொல்ல அப்படியே சொல்லுங்க.”

டாக்டர் எழுதிய மருந்தைத் திருப்பிச் சொல்கிற மாதிரி, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். “மியாவ் பெக் மத்வா நெ. தாங் பெக் த்வா.”

எனக்குப் புரிந்துவிட்டது. பர்மிய மொழியில் ‘மியாவ்’ என்றால் குரங்கு. அதே சத்தத்துக்கு வடக்கு என்றும் பொருள். ‘தாங்’ என்றால் மலை. தெற்கும் அதுவேதான். வடக்கே போகாதே, தெற்கே போ என்று சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். இரண்டு கையும் மூங்கில் கட்டில் இருந்ததால் திசை காட்டவும் முடியவில்லை. நாங்களோ குரங்குக்குப் பயந்து, சரியாக அவர் போகாதே என்று சொன்ன வடக்கில், ஒரு மலையை வேறு ஏறி நிற்கிறோம். இந்த ஊரிலேயே பிறந்த நான் ஒரு தரம் காதில் கேட்டிருந்தால் போதும், தெரிந்திருக்கும். ஆனால் என் காதுக்கு வந்தது தமிழாகி வந்தது.

“ராங் நம்பர்” என்றேன். பிறகு விளக்கினேன்.

“அல்லாவே!” என்று தலையில் கை வைத்தார் பாரி பாய். உடனே தன் ஆளைக் காப்பாற்ற முனைந்தார். “இதுல தம்பி மேல என்னம்மா குத்தம்? ஒரே சொல்லுல குரங்கயும் வச்சு வடக்கயும் வச்சா யாருக்குத்தான் தெரியும்? உங்க பேட்டை பேருலயே தாங் இருக்கு. அத மலைன்னுதானே எல்லாரும் சொல்றாங்க? பாஷை அப்படி இருக்கு!”

நான் ஆரோக்கியநாதனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தப்பிக்க நல்ல வழி கிடைத்திருந்தது. என் அப்பாவாக இருந்தால் அந்த வழியில் பாய்ந்திருப்பார். ஒரு முறை எங்களையெல்லாம் பெகு போகிற பஸ் என்று சொல்லி வேறு பஸ்ஸில் ஏற்றி இன்சீனில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பஸ்தான் வழி தவறிவிட்டது என்று இன்றுவரை சாதிக்கிற மனிதர் அவர். ‘நான் தவறு செய்துவிட்டேன்’ என்று ஓர் ஆண்பிள்ளை நாலு பேர் முன்னால் சொல்லி நான் எங்கள் வீட்டிலும் கேட்டதில்லை, எக்ஸ்சேஞ்சின் கம்பியிலும் கேட்டதில்லை.

“இல்ல பாய்” என்றார் ஆரோக்கியநாதன். காது மடல் சிவந்திருந்தது. “பாஷை மேல பழி போட்டு என்ன ஆவும்? எனக்குத் தெரிஞ்ச அரைகுறை பர்மாவ வச்சு எல்லாம் புரிஞ்ச மாதிரி வந்து சொன்னேன் பாருங்க, அது என் தப்புதான். இன்னொரு தரம் கேட்டிருக்கணும். இல்ல, இவங்களக் கூப்பிட்டிருக்கணும். அம்மா, உங்கள இந்த வெயில்ல ஏத்திட்டேன். மன்னிச்சுக்குங்க.”

சின்னம்மா வெற்றிலைப் பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நீட்டினாள். சின்னம்மா யாருக்கும் அதை நீட்டி நான் பார்த்ததில்லை.

அவர் என்னிடம் திரும்பினார். “நீங்க முன்னால போங்க. நாங்க பின்னால வர்றோம்.”

ஏதோ சடங்குக்குச் சொன்னதில்லை. நான் நடக்கத் தொடங்கும் வரை அவர் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

இறங்கினேன். அத்திமரத்தடியில் குரங்குகள் அப்படியே இருந்தன. பல்லைக் காட்டிய கிழ ஆண் குரங்கு, நாங்கள் கிட்டே போனதும் தன் வீரத்தை மறந்து மேல்கிளைக்குத் தாவிற்று. தெற்குப் பாதை சரிந்து சரிந்து போய், பச்சை மூங்கில் காட்டுக்குள் புகுந்தது. சருகுச் சத்தம் நின்றது. தவளைச் சத்தம் கேட்டது. குளம் வந்துவிட்டது.

பெரிய குளமில்லை. எங்கள் கோவில் முற்றம் அளவு இருக்கும். அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. கரையில் இரண்டு படாவுக் மரங்கள். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டிப் பூக்கிறவை, அதற்கு இன்னும் சில நாள் இருந்தது. அதற்குள் அவசரப்பட்டு ஒரு கிளை மட்டும் மஞ்சளாகப் பூத்திருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி நின்றேன். அந்தக் குளிர்ச்சி தலைக்கு ஏறியபோது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். இதை விட்டுவிட முடியாது, எவனுக்காகவும் முடியாது என்று அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு நிச்சயமாகத் தெரிந்தது.

பாரி பாய் மூடி திறந்த பாத்திரத்தில் நெய்ச்சோறும் கோழியும் மணத்தன. கரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆரோக்கியநாதன் பூட்ஸைக் கழற்றியபோதுதான் குதிகாலில் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருப்பது தெரிந்தது. தானே பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டார்.

“இதோடயா மலை ஏறினீங்க? சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“பொண்ணு பாக்க வந்துட்டுக் கால் வலிக்குதுன்னா நல்லாவா இருக்கும்?”

“மாப்பிள்ளை பாக்க வந்தது நான்.”

“அதான் சொல்லல” என்று சிரித்தார். சிரிக்கும்போது ஒல்லி முகம் வேறு முகமாகிவிட்டது. சாப்பிட்ட பின் பாரி பாய் தொழுதுவிட்டு மர நிழலில் படுத்தார். சின்னம்மா மாலை வண்டிக்கு நேரமாகிறது என்று சொல்லிச் சொல்லியே தூங்கிப்போனாள். நாங்கள் இருவரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகப்பட்டினத்தில் கடல்தான், சத்தம் ஓயாது, இப்படிச் சத்தமில்லாத தண்ணீரை இதுவரை பார்த்ததில்லை என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் என் பயம் முழுதாக விட்டுப்போகவில்லை. ஒரு நாள் நல்லவனாக நடக்க யாராலும் முடியும். அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மாவ்பி ஸ்டேஷனில் பாரி பாய் டிக்கெட் வாங்கப் போனார். சின்னம்மா தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கேட்க வேண்டியதை மனசுக்குள் கோர்த்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் என்னைக் காட்டுக்குப் போக விடுவீர்களா? ‘விடுவீர்களா’ என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. என் காலால் நான் நடக்க இன்னொருவர் விட வேண்டுமா? வேறு சொல் தேடிக்கொண்டிருக்கையில் அவரே பேசினார்.

“உங்க வீட்டுல என்ன சொல்லப் போறீங்கன்னு நான் கேக்கல. அது உங்க இஷ்டம். இது வேற.”

“என்ன?”

“மழை பிடிக்கிற வரைக்கும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவீங்கன்னு சின்னம்மா சொன்னாங்க. நீங்க என்னை வேண்டாம்னு சொல்லிட்டாலும்...” கொஞ்சம் தடுமாறினார். “அப்பவும் பாரி பாயையும் என்னையும் கூட்டிட்டு வருவீங்களா?”

இத்தனை வருஷமாக எந்த ஆணிடம் இதைக் கேட்க நேருமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் ஓர் ஆண் என்னிடம் கேட்டுவிட்டு, குதிகாலில் கட்டோடு, பதிலுக்குக் காத்து நிற்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“வாங்க” என்றேன். “வேண்டாம்னு சொல்ற உத்தேசம் இல்ல. ஆனா வழி நான்தான் கேப்பேன்.”

“கேளுங்க. நான் தண்ணி தூக்கிட்டு வர்றேன்.”

தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த சின்னம்மா கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

“எல்லாம் சரி. கோவில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிச்சு ஊருக்குச் சொன்னாத்தான் கல்யாணம். சாமியாரு உங்க பேர வாசிக்கிறப்ப நீங்க ரெண்டு பேரும் காட்டுல இருந்தா ஊரு என்னடி சொல்லும்?”

தூரத்தில் வண்டி ஊதியது. நான் ஆரோக்கியநாதனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“விடிகாலை முதல் பூசையில வாசிக்கச் சொல்லுங்க சின்னம்மா” என்றேன். “கேட்டுட்டு வண்டி ஏறிருவோம்.”